ஊருக்கு வைத்தியம் பார்ப்பவர்: அமெரிக்கத் தடுப்பு மருத்துவச் சான்றிதழின் தகுதி விதிகள் உருவான வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு காகிதங்கள் முக்கியமானவை. ஒன்று மாநிலம் தரும் உரிமம். அது இல்லாமல் யாரும் வைத்தியம் பார்க்க முடியாது. மற்றொன்று அவரவர் துறைக்கான வாரியம் தரும் சான்றிதழ். இதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. வாரியங்கள் அரசு அலுவலகங்களும் அல்ல. மருத்துவர்களே கூடி அமைத்த, லாப நோக்கமற்ற தனியார் அமைப்புகள் அவை. ஆனாலும் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வேலைக்கு எடுப்பவர்களும் இந்தச் சான்றிதழைக் கேட்பதால், நடைமுறையில் அது இல்லாமல் வல்லுநர் என்று பெயர் எடுப்பது கடினம்.

இத்தகைய 24 வாரியங்களின் கூட்டமைப்பில் தடுப்பு மருத்துவ வாரியமும் ஒன்று. பெரும்பாலான வாரியங்கள் தேர்வு எழுத வருபவரிடம் முதலில் கேட்பது மருத்துவமனையில் முடித்த ரெசிடென்சி பயிற்சியை. தடுப்பு மருத்துவ வாரியம் அதோடு நிற்பதில்லை. நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆண்டு, துறைப் பயிற்சியில் இரண்டு ஆண்டு, பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் பாடங்கள் என மூன்று இடங்களில் பெற்ற தகுதியைக் கேட்கிறது. காரணம் துறையின் இயல்பிலேயே இருக்கிறது. கண் மருத்துவருக்குக் கண்ணும் இதய மருத்துவருக்கு இதயமும் உண்டு. தடுப்பு மருத்துவருக்கு அப்படி ஓர் உறுப்பு இல்லை. அவர் பார்க்க வேண்டியது ஓர் ஊரை, ஒரு தொழிற்சாலையை, ஒரு விமானப் படையை. அப்படிப்பட்டவரின் திறமையை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளே இன்று தகுதி விதிகளாக இருக்கின்றன.

பட்டயம் பிறந்த இடம்

ஊர்ச் சுகாதாரத்தைப் பார்க்கும் மருத்துவருக்குத் தனிப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டிஷ் தீவுகளில் வேரூன்றியது. லிவர்பூல் நகரம் 1847இல் வில்லியம் ஹென்றி டங்கனை நகரச் சுகாதார மருத்துவ அதிகாரியாக அமர்த்தியது. மறு ஆண்டு லண்டன் மாநகரம் ஜான் சைமனை அமர்த்தியது. காலராவும் சாக்கடையும் நெருக்கடியும் வாட்டிய தொழில் நகரங்கள் பல இதைப் பின்பற்றின. ஆனால் பதவி முதலில் வந்ததே தவிர, அதற்கான படிப்பு எங்கும் இருக்கவில்லை. குடிநீரைச் சோதிக்கவும் இறப்புப் பதிவேட்டைப் படித்துப் பொருள் காணவும் கற்றுத்தருவதற்கு மருத்துவக் கல்லூரிகளில் இடம் இல்லை.

டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1871இல் இதற்கென ஒரு பட்டயத் தேர்வைத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் 1875இல் தொடர்ந்தது. தமிழ்நாட்டு மருத்துவர்களும் நன்கு அறிந்த டி.பி.எச். எனும் பொதுச் சுகாதாரப் பட்டயத்தின் மூலம் இதுதான். 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இந்தப் பட்டயத்துக்குச் சட்ட வலிமை தந்தது. 50,000 பேருக்கு மேல் வாழும் பகுதியில் சுகாதார மருத்துவ அதிகாரியாக அமர்பவர் 1892 முதல் அத்தகைய தகுதி பெற்றிருக்க வேண்டும் என்றது. பொதுவான மருத்துவப் பட்டத்துக்கு மேல் ஒரு படிப்பு இருந்தால்தான் பதவி என்ற முறை இப்படி நிலைபெற்றது.

பகுதிநேர அதிகாரியின் சங்கடம்

அட்லாண்டிக்குக்கு அப்பால் நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்காவில் சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்கள் அதைக் கவுண்டி எனப்படும் சிறு நிர்வாகப் பகுதிகளிடம் விட்டிருந்தன. கவுண்டியின் சுகாதார அதிகாரி பெரும்பாலும் அந்த ஊரிலேயே வைத்தியம் பார்த்துப் பிழைப்பவர். அரசியல் செல்வாக்கால் பதவிக்கு வந்தவர்களும் உண்டு. சொற்பச் சம்பளத்துக்குப் பகுதிநேரமாக அந்த வேலையைப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் தொற்றுநோய் கண்டால் வாசலில் தடுப்பு அறிவிப்பை ஒட்ட வேண்டியவரும், அதே வீட்டில் காசு வாங்கி வைத்தியம் பார்ப்பவரும் ஒருவராகவே இருந்தார். அறிவிப்பு ஒட்டினால் அடுத்த முறை அந்த வீடு வேறு மருத்துவரைத் தேடிப் போகும்.

இந்த ஓட்டை பெரிதாகத் தெரிந்தது கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தின்போது. ஜான் டி. ராக்ஃபெல்லர் 1909இல் 10 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிய சுகாதார ஆணையம், வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் தென் மாநில ஏழைகளைச் சோகையால் வாட்டிய அந்தப் புழுவை விரட்ட 11 மாநிலங்களில் வேலை செய்தது. ஆணையத்தை நடத்திய விக்லிஃப் ரோஸ் மருத்துவர் அல்ல, கல்வியாளர். புழுவைக் கொல்ல மருந்து இருந்தது. ஆனால் சிகிச்சை பெற்றவர் கழிப்பறை இல்லாத வீட்டுக்கே திரும்பினால் புழு மீண்டும் வரும். கழிப்பறை கட்டவைக்கவும் பள்ளிகளில் சோதிக்கவும் கணக்கு வைக்கவும் முழுநேர ஆட்கள் வேண்டும். அப்படிப் பயின்ற ஆட்கள் நாட்டில் மிகக் குறைவு என்பதை ரோஸ் உணர்ந்தார்.

அவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹென்றி வெல்ச்சும் சேர்ந்து 1915இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பொதுச் சுகாதாரம் தனித் தொழில், அதற்குத் தனிப் பள்ளி வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பயனாக ராக்ஃபெல்லர் நிதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சுகாதாரப் பள்ளி 1916இல் நிறுவப்பட்டது. 1918 அக்டோபரில், நாடெங்கும் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தபோது, அங்கே வகுப்புகள் தொடங்கின. அதற்கு முன்பே, 1913இல், ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சுகாதார அதிகாரிகளுக்கான பள்ளி ஒன்றைக் கூட்டாக நடத்தத் தொடங்கியிருந்தன. அங்கே மருத்துவர் அல்லாதவர்களும் சேரலாம்.

இந்தப் பள்ளிகளால் ஒரு புதிய குழப்பமும் வந்தது. பொதுச் சுகாதாரப் பட்டத்தைப் பொறியாளரும் பெறலாம், நுண்ணுயிரியல் படித்தவரும் பெறலாம். அப்படியானால் அந்தப் பட்டத்தோடு மருத்துவப் பட்டமும் பெற்றவரை எப்படித் தனித்துக் காட்டுவது? இந்தக் கேள்விக்கு விடையளிக்க வாரியம் என்ற ஏற்பாடு தேவைப்பட்டது.

வாரியங்களின் தொடக்கம்

முதல் வாரியம் கண் மருத்துவத்துக்கு அமைந்தது. சில வாரப் பயிற்சியோடு கண் வைத்தியர் என்று பலகை மாட்டிக்கொள்பவர்கள் பெருகியதால், மூன்று மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 1916இல் ஒரு தேர்வு வாரியத்தை அமைத்தன. அதே ஆண்டு டிசம்பரில் மெம்ஃபிஸ் நகரில் முதல் தேர்வு நடந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவம் 1924இலும் மகப்பேறு மருத்துவம் 1930இலும் தோல் மருத்துவம் 1932இலும் தமக்கென வாரியங்களை அமைத்துக்கொண்டன. இவற்றை ஒழுங்குபடுத்த 1933இல் ஓர் ஆலோசனைக் கூட்டமைப்பு உருவானது. 1970 முதல் அது அமெரிக்க மருத்துவத் தனித்துறை வாரியங்களின் கூட்டமைப்பு என்ற பெயரில் இயங்குகிறது.

பொதுச் சுகாதாரம் இந்த வரிசையில் பின்தங்கியது. மற்ற துறைகளில் வாரியச் சான்றிதழ் நோயாளிகளை ஈர்த்தது. சுகாதார அதிகாரிக்கு நோயாளிகள் இல்லை, அரசுதான் எஜமான். நிலைமையை மாற்றியது அரசுப் பணமே. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் மாநிலங்களின் பொதுச் சுகாதாரப் பணிக்கு ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் வரை ஒதுக்க வழிசெய்தது. சுகாதாரப் பணியாளர்களின் பயிற்சிக்கும் அதிலிருந்து செலவிடலாம். பதவிகள் கூடின. பயிற்சிக்குப் போனவர்களும் கூடினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1945இல், ஹேவன் எமர்சன் தலைமையிலான குழுவின் அறிக்கை நாட்டின் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகளை 1,197 சுகாதாரப் பிரிவுகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றையும் முழுநேர மருத்துவ அதிகாரியிடம் ஒப்படைக்கலாம் என்றது. அதையொட்டி அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் சுகாதாரப் பள்ளிகளை ஆராய்ந்து அங்கீகரிக்கும் வேலையைத் தொடங்கியது. எந்தப் பள்ளியின் பட்டம் செல்லும் என்பது தெளிவானதும் வாரியத்துக்கு அடித்தளம் கிடைத்துவிட்டது.

1948

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தடுப்பு, தொழில் மருத்துவ, பொதுச் சுகாதாரப் பிரிவும் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் கல்விக் குழுவும் அமைத்த கூட்டுக் குழுவின் முயற்சியால், 1948 ஜூன் 29 அன்று டெலவர் மாநிலச் சட்டப்படி அமெரிக்கத் தடுப்பு மருத்துவ மற்றும் பொதுச் சுகாதார வாரியம் பதிவானது. மறு ஆண்டு அதற்கு முறையான அங்கீகாரம் கிடைத்தது. 1952இல் பெயர் சுருங்கி, அமெரிக்கத் தடுப்பு மருத்துவ வாரியம் என்று ஆனது.

புதிதாகத் தொடங்கும் எந்த வாரியத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. தேர்வு வைப்பவர்கள் யாரிடம் தேர்வு எழுதியிருப்பார்கள்? அந்நாளைய வழக்கப்படி, துறையில் ஏற்கெனவே பேர்பெற்ற மூத்தவர்கள் நிறுவனர் குழு என்ற தகுதியில் சான்றிதழ் பெற்றார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் படிப்பையும் பயிற்சியையும் காட்டித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அப்போது வகுத்த விதிகளின் எலும்புக்கூடு இன்றும் மாறவில்லை. முதலில் ஹவுஸ் சர்ஜன் போல ஓர் ஆண்டு மருத்துவமனையில். பிறகு பொதுச் சுகாதாரப் பள்ளியில் ஒரு கல்வியாண்டு. பிறகு சுகாதாரத் துறையில் நேரடிக் களப்பயிற்சி. ஒவ்வொன்றும் ஒரு கவலைக்கான மருந்து. மருத்துவமனை ஆண்டு, இவர் கோப்பு மட்டும் பார்க்கும் அதிகாரி அல்ல என்று காட்டும். கல்வியாண்டு, கணக்கும் நோய்ப்பரவலியலும் தெரியும் என்று காட்டும். களப்பயிற்சி, கற்றதை ஓர் ஊரில் செய்துகாட்ட முடியும் என்பதற்குச் சாட்சி.

விமானமும் தொழிற்சாலையும்

வாரியம் அமைந்த சில ஆண்டுகளிலேயே அதன் கூரைக்குக் கீழ் இரண்டு புதிய கூட்டத்தார் வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர்கள் விமான மருத்துவர்கள். முதல் உலகப் போரின்போது நியூயார்க் அருகே மினியோலாவில் 1918இல் அமைந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. விமானியாக விரும்பும் இளைஞர் அடைத்த கலத்திலுள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிப்பார். அவர் விடும் கரியமில வாயுவை ஒரு ரசாயனம் உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிஜன் மட்டும் மெல்லமெல்லக் குறையும். எதிரே சிறு விளக்குகள் எரியும்போதெல்லாம் அவர் உரிய விசையை அழுத்த வேண்டும். எந்தக் கட்டத்தில் கை தடுமாறுகிறது என்று மருத்துவர் குறித்துக்கொள்வார். எந்த உயரம் வரை இவரை நம்பி அனுப்பலாம் என்பதற்கு அதுவே அளவு. சோதிக்கப்படுபவர் நோயாளி அல்ல, நல்ல உடல்நலம் உள்ளவர். விமான மருத்துவம் தடுப்பு மருத்துவத்தின் கிளையானதன் பொருத்தம் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துப் பிரிவுக்கு 1926இல் முதல் மருத்துவ இயக்குநரான லூயிஸ் பாவர் 1929இல் விமான மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினார். வாரியம் 1953இல் விமான மருத்துவத்தைச் சான்றிதழுக்குரிய பிரிவாக ஏற்றது. மனிதன் விண்வெளிக்குப் போன பிறகு, 1963இல், அது விண்வெளியையும் உள்ளடக்கிய பெயருக்கு மாறியது.

அடுத்து 1955இல் தொழில்சார் மருத்துவம் வந்தது. இந்தத் துறைக்குக் களப்பயிற்சி ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்கு ஆலிஸ் ஹாமில்டனின் அனுபவம் ஒன்றே போதும். இலினாய் மாநிலம் அமைத்த தொழில்நோய் ஆணையத்துக்காக அவர் 1910இல் சிகாகோவில் ஈய நச்சை விசாரித்துக்கொண்டிருந்தார். குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் போலந்துத் தொழிலாளி ஒருவர் ஈய நச்சின் அடையாளங்களான கடும் வயிற்றுவலியோடும், இரு மணிக்கட்டுகளும் செயலற்றுத் தொங்கிய கைகளோடும் மருத்துவமனையில் கிடந்தார். எனாமலில் ஈயமே இல்லை என்றது தொழிற்சாலை நிர்வாகம். பூச்சு வேலை நடக்கும் அறையையும் திறந்து காட்டியது. ஹாமில்டன் அதோடு விடாமல் அந்தத் தொழிலாளியைத் தேடிப் போய் விசாரித்தார். நிர்வாகம் தனக்குக் காட்டியது கடைசி மெருகு வேலையை மட்டுமே என்றும், உண்மையான எனாமல் வேலை வேறோர் இடத்தில் நடக்கிறது என்றும் தெரிந்தது. அங்கே சூளையிலிருந்து செக்கச்செவேலென எடுத்த தொட்டியின் மேல் எனாமல் பொடியைத் தூவுவார்கள். பொடி புகையாகக் கிளம்பும். தொழிலாளி கொண்டுவந்து கொடுத்த மாதிரியைச் சோதித்தபோது, கரையக்கூடிய ஈயம் 20 சதவீதம் வரை இருந்தது. மருத்துவமனைக் கட்டிலருகே நின்று மட்டும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஹாமில்டன் 1919இல் ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியரானார்.

1970இல் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தப் பிரிவில் தேவை கூடியது. அதே சட்டத்தால் உருவான தேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1977 முதல் பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்களுக்கு நிதி தந்தது.

மூன்று பிரிவுகள்

1950களில் நாட்டின் நோய்க் கணக்கு மாறிக்கொண்டிருந்தது. தொற்றுநோய்கள் அடங்க, மாரடைப்பும் புற்றுநோயும் முன்னுக்கு வந்தன. ஃப்ரேமிங்ஹாம் என்ற சிறு நகரத்தின் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து இதயநோயின் காரணங்களைத் தேடும் ஆய்வு 1948இல் தொடங்கியிருந்தது. இத்தகைய ஆய்வில் ஈடுபட்டவர்களும் மருத்துவக் கல்லூரிகளில் தடுப்பு மருத்துவம் கற்பித்தவர்களும் சுகாதார அதிகாரிகள் அல்ல. அவர்களுக்காக 1960இல் பொதுத் தடுப்பு மருத்துவம் என்ற தனிச் சான்றிதழ் வந்தது. காலப்போக்கில் அதற்கும் பொதுச் சுகாதாரச் சான்றிதழுக்கும் இடையிலான கோடு மங்கியது. 1983இல் இரண்டும் ஒன்றாயின. அன்று முதல் வாரியத்தின் முதன்மைப் பிரிவுகள் மூன்று: பொதுச் சுகாதாரமும் பொதுத் தடுப்பு மருத்துவமும், தொழில்சார் மருத்துவம், விமான-விண்வெளி மருத்துவம். தேர்வும் இதற்கேற்ப மூவருக்கும் பொதுவான ஒரு பகுதி, அவரவர் பிரிவுக்கான ஒரு பகுதி என இரண்டாகப் பிரிந்தது.

அனுபவ வழி அடைபட்டது

தொடக்க காலத்திலிருந்தே ஒரு பக்கவாசல் திறந்திருந்தது. முறையான ரெசிடென்சி முடிக்காமல், வேலையில் பெற்ற அனுபவத்தையும் தேவையான பாடங்களையும் காட்டித் தேர்வுக்கு வரலாம். சுகாதாரத் துறையிலும் தொழிற்சாலைகளிலும் நடு வயதில் வந்து சேர்ந்த மருத்துவர்கள் பலருக்கு இது ஒன்றே வழி. வாரியம் இதற்கு ஓர் எல்லைக்கோடு கிழித்தது. 1984 ஜனவரி 1க்கு முன் மருத்துவப் பட்டம் பெற்றவர்களே இந்த மாற்றுவழியில் வரலாம். அதற்குப் பின் பட்டம் பெற்றவர்களுக்கு ரெசிடென்சி கட்டாயமானது.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு விலை இருந்தது. அமெரிக்காவில் ரெசிடென்சி பயிற்சிக்கான செலவில் பெரும்பங்கை, 1965இல் வந்த மெடிகேர் எனும் அரசுக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைகள் வழியாகத் தருகிறது. தடுப்பு மருத்துவப் பயிற்சி நடப்பது பல்கலைக்கழகங்களிலும் சுகாதார அலுவலகங்களிலும். மருத்துவமனைக்குச் செல்லும் பணம் அங்கே எளிதில் வந்துசேர்வதில்லை. மத்திய அரசின் தனி மானியம், ராணுவம், மாநிலங்கள் என ஆங்காங்கே திரட்டும் நிதியில் பயிற்சியிடங்கள் நடப்பதால் அவற்றின் எண்ணிக்கை குறைவாகவே இருந்துவருகிறது. வேறு துறையில் ஏற்கெனவே சான்றிதழ் பெற்று நடுவில் தடுப்பு மருத்துவத்துக்கு மாற விரும்புபவர்களுக்கென வாரியம் பின்னாளில் ஒரு துணைவழியைத் திறந்ததன் பின்னணி இது.

சான்றிதழின் ஆயுளும் மாறியது. 1998க்கு முன் பெற்றவர்களுக்கு அது வாழ்நாள் சொத்து. அவ்வாண்டு முதல் 10 ஆண்டு கெடு விதிக்கப்பட்டது.

துணைத்துறைகள்

முதன்மைப் பிரிவுகளின் மேல் துணைத்துறைச் சான்றிதழ்களும் வளர்ந்தன. நீருக்கடி மருத்துவம் 1989இல் வந்தது. அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டு 1999இல் அதன் பெயர் நீண்டது. நச்சியல் 1992இல் அவசர மருத்துவ, குழந்தை மருத்துவ வாரியங்களுடன் கூட்டாக வந்தது. மருத்துவத் தகவலியல் 2011இல் ஏற்கப்பட்டு 2013இல் முதல் தேர்வு நடந்தது. போதை அடிமைநோய் மருத்துவத்துக்கு 2007இல் தனியே அமைந்த வாரியம் ஒன்று சான்றிதழ் தந்துவந்தது. கூட்டமைப்பின் ஏற்பைப் பெற்ற பிறகு 2017இல் தடுப்பு மருத்துவ வாரியம் முதல் தேர்வை நடத்தியது.

இந்தப் புதிய துறைகளில் 1948இன் சிக்கல் மறுபடியும் தலைகாட்டியது. பயிற்சி மையங்கள் உருவாகும் முன் யாரைத் தேர்வுக்கு அனுமதிப்பது? விடையும் பழையதே: சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுபவ வழி. ஆனால் இம்முறை பேரும் புகழும் அளவுகோல் ஆகவில்லை, மணிக்கணக்கு ஆனது. போதை அடிமைநோய் மருத்துவத்துக்கு முந்தைய 60 மாதங்களில் குறைந்தது 24 மாதங்களுக்குப் பரவிய 1,920 மணி நேரப் பணியைக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள்.

விதிகள் வந்து நின்ற இடம்

இத்தனை மாற்றங்களுக்குப் பின் ரெசிடென்சி வழியில் வருபவருக்கான தகுதிகளைச் சுருக்கமாக வரிசைப்படுத்தலாம். அமெரிக்காவிலோ கனடாவிலோ அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் மருத்துவப் பட்டம் வேண்டும். வெளிநாட்டில் படித்தவர் எனில், அத்தகைய பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் சான்று வேண்டும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்துச் செல்பவர் நுழைவதும் இந்த வாசல் வழியாகத்தான். மாநில உரிமம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் நடைமுறையில் இருக்க வேண்டும். குறைந்தது 12 மாத மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியில் இரண்டு ஆண்டு முடித்திருக்க வேண்டும். எம்.பி.எச். எனும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டப் படிப்பில் அல்லது அதற்கு ஈடான முதுநிலைப் படிப்பில் நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், சுகாதாரச் சேவை நிர்வாகம், சுற்றுச்சூழல் சுகாதாரம், உடல்நலத்தின் நடத்தை சார்ந்த கூறுகள் ஆகிய ஐந்தையும் படித்திருக்க வேண்டும்.

இவை எல்லாம் இருந்தாலும் தேர்வைக் காலவரையின்றித் தள்ளிப்போட முடியாது. பயிற்சி முடித்துத் தேர்வு எழுதாமலே "தேர்வுக்குத் தகுதி பெற்றவர்" என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்த, கூட்டமைப்பு 2012 முதல் ஒரு வரம்பு வைத்தது. ஒவ்வொரு வாரியமும் 3 முதல் 7 ஆண்டுக்குள் ஒரு கெடுவைத் தீர்மானிக்க வேண்டும். அதற்குள் தேர்ச்சி பெறாதவர் அந்த அடைமொழியைப் பயன்படுத்தும் உரிமையை இழப்பார்.